மூன்று கோடை, ஒரு பைக், ஒரு டென்ட்: சுப்பீரியர் ஏரிக்கரையில் 34 இரவுகள்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம், மினியாபொலிஸிலிருந்து வடக்கே துலூத் வரை சுமார் 150 மைல். அங்கிருந்து சுப்பீரியர் ஏரியை ஒட்டியே கனடா எல்லை வரை ஏறக்குறைய இன்னொரு 150 மைல், 61ஆம் எண் நெடுஞ்சாலை. மின்னசோட்டாவின் மாநிலப் பூங்காக்கள் இந்தச் சாலையோரம் கோத்துவிட்டதுபோல வரும்: கூஸ்பெரி ஃபால்ஸ், ஸ்ப்ளிட் ராக், டெட்டகூச், டெம்பரன்ஸ் ரிவர், கேஸ்கேட் ரிவர், மேக்னி. 2022 தொடங்கி மூன்று கோடையாக, தனியாக, பைக்கில் டென்டைக் கட்டிக்கொண்டு இங்கே போய்வருகிறேன். 2024 செப்டம்பரோடு 34 இரவு. பெட்டியைப் பிரித்த மறுநாளே எழுதிய விமர்சனங்களை நம்பித்தான் நானும் சாமான் வாங்கினேன். அதில் பாதி முதல் மழைக்கே தாங்கவில்லை. மூன்று வருடத்தில் எது நின்றது, எது போனது என்பதுதான் இது.

வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 411 சிசி. சென்னைப் பக்கம் செய்து கப்பலேறி வந்தது. பெட்ரோல் போட நிறுத்தினால் யாராவது ஒருவர் கிட்டே வந்து சுற்றிப் பார்க்காமல் போவதில்லை. ஏரிக்கரைச் சாலையில் 55 மைல் வேகத்தில் போக இதற்குமேல் வண்டி எனக்குத் தேவைப்படவில்லை. டேங்க் 15 லிட்டர், பெட்ரோல் கவலையும் வந்ததில்லை. இவ்வளவு போதும், வண்டியைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை.

டென்டுக்கு வருகிறேன். கடையில் எல்லோரும் எடையைத்தான் பார்ப்பார்கள், நானும் பார்த்தேன். பைக்குக்கு எடையைவிட முக்கியம் மடித்த கம்பியின் நீளம். முதலில் வாங்கிய டென்டின் கம்பி மடித்தால் 45 சென்டிமீட்டர், என் பக்கவாட்டுப் பை 40. அந்த ஐந்து சென்டிமீட்டருக்காக ஒரு கோடை முழுக்க டென்டை சீட்டின்மேல் குறுக்கே கட்டி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது நழுவியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இரண்டாவது டென்டின் கம்பி 30 சென்டிமீட்டர்தான், பக்கவாட்டுப் பைக்குள் அடங்கிவிடுகிறது. இருவர் படுக்கும் அளவு. ஒருவருக்கு எதற்கு என்று கேட்கலாம். ஹெல்மெட், நனைந்த ஜாக்கெட், பூட்ஸ் இவையெல்லாம் எங்கே தூங்கும்?

இன்னொன்று, முளை அடிக்காமலே நிற்கும் டென்டாக இருக்கவேண்டும். இந்தக் கரை முழுக்க 110 கோடி ஆண்டுக்கு முந்தைய எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. மேலே மண் ஒரு சாண் இருந்தால் அதிகம். கேஸ்கேடில் ஒரே மாலையில் நான்கு முளை வளைந்தது. இப்போது முளைக்குப் பதில் கயிற்றைக் கல்லில் கட்டுகிறேன்.

மூன்றாவது வருடம் டென்டின் மேல்துணி உட்புறம் பிசுபிசுக்க ஆரம்பித்தது. தையல்மேல் ஒட்டியிருந்த பட்டை உரிந்து தொங்கியது. பழியைக் கம்பெனிமேல் போடமாட்டேன். ஈரத்தோடு சுருட்டி இரண்டு நாள் பையிலேயே விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தும் காயப்போடாமல் இருந்தது நான்தான். ஈரம் பட்டுப் பட்டு அந்தப் பூச்சு சிதைந்துபோகும். காரில் போகிறவர் பின்சீட்டில் விரித்துப் போட்டுக் காயவைப்பார். பைக்கில் போகிறவனுக்கு அதற்கும் இடமில்லை.

டெட்டகூச்சில் ஓர் இரவு. பகலெல்லாம் மழை, இரவிலும் விட்டபாடில்லை. இரண்டு மணி இருக்கும், டமால் என்று சத்தம். கரடி என்றுதான் முதலில் நினைத்தேன். தலைவிளக்கை மாட்டிக்கொண்டு ஜிப்பைத் திறந்தால், வண்டி சாய்ந்து கிடக்கிறது. சைடு ஸ்டாண்டு ஊறிய மண்ணில் முழங்கை ஆழம் இல்லாவிட்டாலும் அரைச் சாண் இறங்கியிருந்தது. பெட்ரோல் வாடை. சாமான் இல்லாமலே 190 கிலோவுக்குமேல். சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின்னால் கம்பியில், காலால் தள்ளித் தூக்கவேண்டும். காணொளியில் பார்க்கச் சுலபம். சேற்றில் செருப்பு வழுக்கி இரண்டு முறை உட்கார்ந்தேன். மூன்றாவது முறை எழுந்தது. கிளட்ச் லீவர் வளைந்ததோடு சரி. அக்கம்பக்கத்தில் ஒருவரும் எழவில்லை. எழுப்பவும் மனம் வரவில்லை. மறுநாள் சில்வர் பேயில் ஒரு கடையில் சமையலறைப் பிளாஸ்டிக் வெட்டுப்பலகை வாங்கி, உள்ளங்கை அளவுக்கு அறுத்து, ஒரு நூலையும் கோத்தேன். ஸ்டாண்டுக்கு அடியில் போட்டுவிட்டு, கிளம்பும்போது உட்கார்ந்தபடியே நூலை இழுத்து எடுத்துக்கொள்ளலாம். என் சாமானிலேயே மலிவானது இதுதான், ஒரு தடவைகூட ஏமாற்றாததும் இதுதான்.

கரடி விஷயம் விளையாட்டில்லை, இங்கே கருங்கரடி உண்டு. சாப்பாடு, பற்பசை, சோப்பு என்று வாசனை உள்ளது எதையும் டென்டில் வைக்கக்கூடாது, காரில் வைத்துப் பூட்டவேண்டும். டெம்பரன்ஸில் அலுவலகத்துப் பெண் இதைச் சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாக என் வண்டியைப் பார்த்தார். "ஓ" என்றார். அன்று பக்கத்து இடத்துக் குடும்பம் என் சாப்பாட்டுப் பையைத் தங்கள் காரில் வைத்துக்கொண்டது. காலையில் பையைத் திருப்பித் தந்தபோது அந்த அம்மா தயங்கித் தயங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். வறுத்த ரவை உப்புமாக் கலவை, ரசப்பொடி. பெருங்காயத்தை எப்படி விளக்குவது? கார் கண்ணாடி நான்கும் இறக்கியிருந்தது. வீடு திரும்பியதும் கரடி திறக்கமுடியாத கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா வாங்கினேன். ஒரு கிலோ எடை, பையில் பாதி இடம், பகலில் உட்கார முக்காலி.

(டெம்பரன்ஸ் என்றால் மதுவிலக்கு. மற்ற ஆறுகளின் முகத்துவாரத்தில் மணல் திட்டு உண்டு, ஆங்கிலத்தில் அதற்கும் 'பார்'தான். இந்த ஆற்றில் 'பார்' இல்லை, அதனால் இந்தப் பெயர் என்கிறார்கள். மாநிலப் பூங்காக்களில் பொதுவில் மது குடிக்கக்கூடாது என்பதால் பெயர் இன்னும் பொருந்துகிறது.)

குளிரைக் குறைத்து எடைபோட்டேன். ஜூலையில் மினியாபொலிஸில் வியர்த்து வழிய ஜாக்கெட் பூட்டியவன், துலூத் இறக்கத்தில் ஏரிக்காற்று பட்டதும் பல் கிட்டி நிறுத்தினேன். ஸ்லீப்பிங் பேக்கைவிட அடியில் விரிக்கும் மெத்தைக்குச் செலவு செய்யுங்கள், குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது. காற்றடிக்கும் என் மெத்தை இரண்டாம் வருடம் ஊசித்துளை விட்டது, ஒட்டுப்போட்டதில் இன்னும் ஓடுகிறது.

ஸ்டவ் நல்ல ஸ்டவ்தான். ஆனால் 411 சிசி ஒற்றை சிலிண்டரின் அதிர்வு ஸ்டவ்வின் மரை உட்பட எந்தத் திருகு மரையையும் விட்டுவைக்காது. நல்லெண்ணெய் பாட்டிலின் மூடியும் அப்படித்தான் தானாகக் கழன்றது. அந்தப் பையிலிருந்த காலுறைகளுக்கு எண்ணெய்க் குளியல். மேக்னியில் டெவில்ஸ் கெட்டில் அருவிக்கு அதே காலுறையோடுதான் நடந்தேன். ஆறு இரண்டாகப் பிரிந்து, பாதித் தண்ணீர் ஒரு குழிக்குள் விழுந்து காணாமல் போகும் இடம். பந்து, கட்டை என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தார்களாம். கடைசியில் அருவிக்கு மேலே நொடிக்கு 123 கன அடி, கீழே 121 என்று அளந்து, விழுந்த தண்ணீர் மறுபடி ஆற்றிலேயே சேர்கிறது என்று 2017இல் முடிவுகட்டினார்கள். இறங்கி ஏற ஏகப்பட்ட படி. பைக் பூட்ஸில் போகாதீர்கள், ஒரு லேசான ஷூவுக்கு எப்படியாவது இடம் ஒதுக்குங்கள்.

ஸ்ப்ளிட் ராக்கில் வண்டியை நிறுத்துமிடத்திலேயே விட்டுவிட்டு, அவர்கள் தரும் இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் சாமானைப் போட்டுக் காட்டுக்குள் இழுத்துப்போகும் இடங்கள் உண்டு. ஏரி பக்கத்தில், கார் ஹெட்லைட் கிடையாது. 34 இரவில் நன்றாகத் தூங்கியது அங்கேதான், வண்டி கண்ணில் படாததாலோ என்னவோ. ஆனால் 120 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடும், கோடை வார இறுதிகள் மளமளவென்று போய்விடும். நான் செப்டம்பரில் செவ்வாய், புதன் பார்த்துப் போடுகிறேன். கொசுவும் அப்போது அடங்கியிருக்கும்.

விறகை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள், ஆஷ் மரத்தைத் தின்னும் பச்சை வண்டு பரவும் என்பதால் அனுமதி இல்லை. அங்கேயே கட்டு விற்கிறார்கள். ஒருவருக்கு ஒரு கட்டு அதிகம், மிச்சத்தைப் பக்கத்து டென்டில் கொடுத்துவிடுவேன். பெருங்காயக் கணக்கு இன்னும் தீரவில்லை.