கடலுக்கு ஒரு கண், மலைக்கு ஒரு கண்: இலங்கையில் எந்த வானிலை அறிவிப்பை எதற்கு நம்புவது?

ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. நுவரெலியாவில் விடிந்ததிலிருந்து விடாத தூறல். ஊருக்குப் போக பையைக் கட்டிக்கொண்டே மூன்று பேரிடம் வானிலை கேட்டேன். வளிமண்டலவியல் திணைக்களத்தின் காலை அறிவிப்பு, நுவரெலியா மாவட்டத்தில் பல தடவைகள் மழை பெய்யும் என்றது. போனில் இருக்கும் செயலி எண்பது சதவீத மழை என்றது. மட்டக்களப்பிலிருந்து அம்மா சொன்னது இது: "இஞ்ச கச்சான் காத்து அடிச்சுக் கொளுத்துது மகன், உனக்கு என்னத்துக்குக் குடை?"

மூவர் சொன்னதும் சரியாகவே இருந்தது. ஹக்கல வரைக்கும் பஸ் கண்ணாடியில் நீர் வழிந்தது. வெலிமடைப் பக்கம் இறங்க இறங்க வீதி காய்ந்து, புழுதியும் கிளம்பியது. நனைந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு வெயிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மலைக்கும் கரைக்கும் இடையே பல வருடங்களாகப் போய்வருவதில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருக்கிறது. இந்தத் தீவில் "நாளை மழையா?" என்பது பாதிக் கேள்விதான். எந்தப் பக்கத்தில், எத்தனை மணிக்கு என்பதுதான் மீதி. அந்த மீதிக்கு யார் ஒழுங்காகப் பதில் சொல்கிறார்கள் என்று பார்த்தால், கரையோரத்தில் ஜெயிப்பவர் ஒருவர், மலையில் ஜெயிப்பவர் இன்னொருவர்.

நடுவில் நிற்கும் மலை

65,610 சதுர கிலோமீற்றர் என்பது பெரிய நாடில்லை. ஆனால் அதன் நடுவே பிதுருதலாகல 2,524 மீற்றருக்கு எழுந்து நிற்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அந்த மலைத்தொகுதியில் ஏறும்போது தன் ஈரத்தை மேற்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. வட்டவளை, கினிகத்தேனை, நோட்டன் பிரிஜ் எல்லாம் நனைந்தே கிடப்பது இதனால்தான். அந்தச் சரிவுகளின் சில இடங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது. வடமேற்கிலும் தென்கிழக்கிலும் மிக வறண்ட கரையோரங்களுக்கு 900 மில்லிமீற்றர்கூடக் கிடைப்பதில்லை.

ஈரத்தைத் தொலைத்த காற்று கிழக்கே இறங்கும்போது வேறு ஆளாகிவிடுகிறது. காய்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீற்றர் இறங்கும்போதும் ஏறத்தாழ பத்துப் பாகை சூடேறும். மட்டக்களப்பில் ஜூன், ஜூலையில் முகத்தில் அறையும் கச்சான் அதுதான். வட்டவளைக்காரனை நனைத்த அதே காற்றுதான் எங்கள் வீட்டு முற்றத்தில் வற்றலைக் காயவைக்கிறது. ரயிலில் போகிறவர்கள் இதைப் பட்டிப்பொல தாண்டியதும் வரும் சுரங்கத்தில் பார்க்கலாம். நுழையும்போது மழை, ஒஹிய பக்கம் வெளியே வரும்போது வெயில். எல்லா நாளும் இப்படி நடக்காது. நடக்கும் நாளில் பெட்டியில் இருக்கும் எல்லோரும் ஒருமுறை ஜன்னலை எட்டிப் பார்ப்பார்கள்.

டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றில் கதை தலைகீழ். கிழக்கும் வடக்கும் நனையும், பதுளைப் பக்கம் குளிர்ந்து ஈரமாகும், காலி, ஹிக்கடுவைக் கடல் அமைதியாகும். நடுவே மார்ச், ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும் இடைப்பருவங்கள். முன்னறிவிப்புகள் அதிகம் சறுக்குவது இவற்றில்தான்.

திணைக்கள அறிவிப்பும் போன் செயலியும்

திணைக்கள அறிவிப்பைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. அதிகாலை 5.30க்கு வெளியாகும் அந்தப் பந்தியில் வருடம் முழுக்க ஒரே ஏழெட்டு வாக்கியங்கள் இடம் மாறி உட்காரும். நானும் கிண்டல் செய்தவன்தான். பிறகு அதை வாசிக்கப் பழகினேன்.

"பல தடவைகள் மழை பெய்யும்" என்று வந்தால் அது பருவக்காற்று மழை. காலை, மாலை என்று கணக்கில்லாமல் வந்து போகும், குடை பையிலேயே இருக்கட்டும். "பி.ப. 1.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று வந்தால் அது வேறு இனம். காலைப்பொழுது உங்களுடையது. துணி காயப்போடலாம், கொழுந்து பறிக்கலாம், மலையேறப் போனவர் நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும். "சில இடங்களில்" என்பதற்கும் "ஓரிரு இடங்களில்" என்பதற்கும் உள்ள வித்தியாசமும் சும்மா எழுதியதில்லை. முதலாவதில் உங்கள் ஊர் அகப்பட நல்ல வாய்ப்புண்டு, இரண்டாவதில் அநேகமாகத் தப்பிவிடுவீர்கள்.

நாளைப் பாதியாக வெட்டித் தருகிற அந்த ஒரு மணிக் கணக்கைச் செயலி இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. ஏப்ரலில் செயலியைத் திறந்து பாருங்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாளும் அதே மேகம், அதே மின்னல் கீற்று. வாரம் முழுக்க மழை என்று பயணத்தை ரத்துச் செய்தவர்களை எனக்குத் தெரியும். உண்மையில் அந்த ஏழு நாளும் பிற்பகல் வரை வெயில் கொளுத்தியிருக்கும்.

அறிவிப்பின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. அது மாகாணத்தாலும் மாவட்டத்தாலும் பேசுகிறது. தம்புள்ளையும் மத்திய மாகாணம், வட்டவளையும் மத்திய மாகாணம். ஒன்று கிணறு வற்றும் ஊர், மற்றது சுவரில் பாசி பிடிக்கும் ஊர். இரண்டுக்கும் ஒரே வரியில் மழை சொன்னால் தம்புள்ளைக்காரர் சிரிக்கத்தான் செய்வார்.

அப்படியென்றால் ஊர்ப் பெயரைத் தட்டினால் அந்த ஊருக்கே பதில் தரும் செயலி மேல் இல்லையா? பார்வைக்கு அப்படித்தான். உள்ளே நடப்பது வேறு. செயலிகள் பலவற்றின் பின்னால் உலகம் முழுவதையும் சதுரங்களாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரிகள் இருக்கின்றன. ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரிக்கு ஒரு சதுரம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர், அமெரிக்க மாதிரிக்கு ஏறத்தாழ 13. ஒரு சதுரத்துக்குள் இருக்கும் மலையும் பள்ளத்தாக்கும் சேர்ந்து ஒரே சராசரி உயரமாகிவிடும். இறம்பொடையிலிருந்து நுவரெலியா நேர்கோட்டில் பன்னிரண்டு கிலோமீற்றர்தான் வரும். அதற்குள் நிலம் எண்ணூறு மீற்றர் அளவுக்கு ஏறிவிடுகிறது, வெப்பமும் ஐந்து பாகை குறைகிறது. கணினிக்கு அது ஒன்று, ஒன்றரைச் சதுரம். அதன் கண்ணில் நம் மலைநாடு கூர்மையெல்லாம் மழுங்கிய ஒரு பெரிய மேடு.

வெப்பநிலையிலும் இது இடறும். கொழும்பில் 28 என்றால் 28தான் இருக்கும், பெரிய பிழை வராது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி 16 பாகைக்குக் கொஞ்சம் குறைவு. ஜனவரியில் மேகமில்லாத இரவுகளில் பள்ளத்து உருளைக்கிழங்குத் தோட்டங்களில் புல் வெளுத்துக் கிடக்கும். திணைக்கள அறிவிப்பு அதற்கு "துகள் உறைபனி" என்று தனியாக ஒரு வரி போடும். செயலி ஆறு பாகை என்று காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அதன் கணக்கு தரையிலிருந்து இரண்டு மீற்றர் உயரத்துக் காற்றுக்கு. உருளைக்கிழங்குச் செடி அந்த உயரத்தில் இல்லையே.

கேட்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வதுண்டு. மூன்று செயலியும் ஒரே மாதிரிச் சொல்வதால் அது மூன்று சாட்சி ஆகிவிடாது. மூன்றும் ஒரே கணினி மாதிரியின் கணக்கை வேறு வேறு சட்டையில் காட்டிக்கொண்டிருக்கலாம்.

கரைக்கு வந்தால்

மலையில் இவ்வளவு தடுமாறும் செயலி கடற்கரையில் வேறு ஆள். கடலுக்கு மேடு பள்ளமில்லை. பருவக்காற்றோ ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்குப் பரந்து கிடக்கும் பெரிய ஓட்டம். அதைப் பிடிக்கத்தான் இந்தக் கணினிகள் பிறந்தன. நாளை மன்னாரில் எத்தனை மணிக்குக் காற்று ஏறும், மறுநாள் அறுகம்பேயில் அலை எவ்வளவு உயரும் என்பதை இரண்டு மூன்று நாள் முன்பே ஓரளவு சரியாகச் சொல்கின்றன. தெற்கே வெகுதூரத்துப் புயல்கள் கிளப்பும் நீண்ட அலைகள் நம் கரைக்கு வந்துசேரப் பல நாள் எடுக்கும் என்பதால் கணக்குப் போட நேரமும் கிடைக்கிறது. விடுமுறைக்கு நிலாவெளியா, மிரிஸ்ஸவா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் எந்த அறிவிப்பும் வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை கிழக்கு, டிசெம்பர் முதல் மார்ச் வரை தெற்கு. நாட்காட்டி போதும்.

படகில் போகிறவருக்கு மட்டும் விதி வேறு. திணைக்களம் கடற்பரப்புக்குத் தனியாக அறிவிப்பு விடுகிறது. புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக ஹம்பாந்தோட்டை வரை என்று கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, காற்று மணித்தியாலத்துக்கு 60 கிலோமீற்றர் வரை அதிகரிக்கும், கடல் கொந்தளிக்கும் என்று சொல்லும். "மறு அறிவித்தல் வரை கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று வந்துவிட்டால் செயலியில் நீலவானம் தெரிந்தாலும் எனக்கு அது ஒரு பொருட்டில்லை.

அப்புறம், பெரியவர்களின் காற்றுக் கணக்கு. சோளகம் (தெற்கு), வாடை (வடக்கு), கச்சான் (மேற்கு), கொண்டல் (கிழக்கு) என்று நான்கு பெயர் தெரிந்தவருக்குக் காற்று வரும் திசையே பருவத்தைச் சொல்லிவிடும். வாடை எழுந்துவிட்டதென்றால் எந்தக் கடலில் இறங்கலாம், எதில் கூடாது என்று ஒரே சொல்லில் முடிகிறது. ஆனால் பருவத்தைச் சொல்லுமே தவிர நாளைச் சொல்லாது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைப் பிய்த்துப்போட்ட சூறாவளியைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றும் பேசுவார்கள். அதன் பலம் எவ்வளவு என்று எந்தக் காற்றின் பெயரும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாகும் நாட்களில் நான் கணினி மாதிரிகளைத்தான் முதலில் பார்ப்பேன். நான்கைந்து நாள் அவகாசம் வேறு யாரிடமும் கிடைக்காது.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. செயலியின் வரைபடத்தில் புயல் ஒரு கோடாக ஓடும், கோடு தொடும் கரைதான் ஆபத்து என்று கண் நம்பிவிடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா கிழக்குக் கரையில்தான் ஏறியது. உயிர்கள் அதிகம் போனதோ கண்டி, பதுளை, நுவரெலியா மலைகளில், மண்சரிவுகளில். கடலிலிருந்து வந்த ஈரத்தை மலை பிடித்து இறக்கிவிட்டது.

செய்மதிப் படமும் கண்ணும்

இடைப்பருவத்து மலைக்கு நான் நம்புவது இவற்றை. இந்திய செய்மதியின் படம் ஏறத்தாழ அரை மணிக்கொருமுறை இணையத்தில் புதிதாகிறது. ஏப்ரல் காலையில் தீவு முழுக்கத் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். பதினொரு மணிக்குப் பிறகு மலைமேல் வெள்ளைப் புள்ளிகள் முளைக்கும். கரையிலிருந்து உள்ளே வரும் கடற்காற்றும் சூடேறிய சரிவும் சேர்ந்து மேகத்தைத் தூக்குகின்றன. ஒரு புள்ளி அடுத்தடுத்த இரண்டு படங்களில் இரட்டிப்பாகப் பெருத்தால் இன்னும் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இடி கேட்கும். படம் இல்லையென்றாலும் சரி, மேகத்தின் தலை பூக்கோவாபோல் பொங்கிப் பின் தட்டையாகப் பரவுகிறதா என்று பார்த்தால் போதும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு இதை வெல்ல ஆளில்லை, நாளைக்கு என்று கேட்டால் இதனிடம் பதிலும் இல்லை.

உயிர்ப் பிரச்சினை என்றால்

குடையும் துணியும் ஒரு பக்கம். சரிவில் லயத்திலோ (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) தனி வீட்டிலோ இருப்பவருக்கு "மழை வருமா" என்பதைவிட "எவ்வளவு பெய்துவிட்டது" என்பது முக்கியம். இங்கே செயலியை ஓரமாக வைத்துவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கை மாகாணத்தை விட்டு, அம்பகமுவ, கொத்மலை என்று பிரதேச செயலாளர் பிரிவு வரை இறங்கிவருகிறது. மலைக்குத் தேவையான அளவுகோல் இதுதான். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினால் வெளியேற்றம் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. நிறத்தில் சொன்னால் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு.

ஆனால் அடுத்த தோட்டத்தில் இருக்கும் மழைமானியில் 60 காட்டும்போது உங்கள் சரிவில் 110 கொட்டியிருக்கலாம். அதனால் நான் தங்கியிருக்கும் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் போத்தல் வைத்திருக்கிறேன். பக்கங்கள் நேராக இருக்கும் போத்தலாகப் பார்த்து, மேல் பகுதியை வெட்டிப் புனல்போல் கவிழ்த்துச் செருகியது. அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருப்பதால் கொஞ்சம் நீர் ஊற்றி அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று கோடு போட வேண்டும். அங்கிருந்து அடிமட்டத்தால் 75, 100, 150 மில்லிமீற்றருக்கு மூன்று கோடு. கூரைத் தண்ணீரும் மரத்து நீரும் சொட்டாத வெளியில், காற்றில் சாயாமல் நிறுத்தினால் சரி. திணைக்களம் மழையை அளப்பது காலை 8.30க்கு என்பதால் நானும் அந்த நேரத்துக்கே குறித்துவிட்டுப் பழைய கோடு வரை கொட்டுகிறேன். பலத்த மழை நாட்களில் அதுவரை காத்திருப்பதில்லை. படுக்கும் முன் டோர்ச் அடித்து ஒருமுறை, நடுச்சாமத்தில் விழிப்பு வந்தால் இன்னொருமுறை. நீர் இரண்டாவது கோட்டைத் தொட்டிருந்தால் பக்கத்து லயத்துக்காரரையும் எழுப்பிவிடுவேன்.