பூச்சி அரித்த ரவி வர்மா படம்: காப்பாற்றலாமா, கழித்துவிடலாமா?

பழைய வீட்டைப் பாகம் பிரிக்கும்போதோ இடிக்கும்போதோ பரணிலிருந்து கட்டாயம் இறங்கும் சாமான், கண்ணாடி போட்ட சாமி படங்கள். கண்ணாடி விரிசல் விட்டிருக்கும், லட்சுமியின் காலடியைக் கரையான் தின்றிருக்கும். உடனே வீட்டில் இரண்டு கட்சி. "பின்னமான படம் வீட்டுக்கு ஆகாது, அரசமரத்தடியில் வைத்துவிட்டு வா" என்பது ஒன்று. "ரவி வர்மா படம்டா, லட்சக்கணக்கில் போகும்" என்பது இன்னொன்று. கோடிக்கணக்கில் போவது அவர் கையால் தீட்டிய தைல ஓவியங்கள். நம் வீட்டுப் பரணில் இருப்பது அச்சுப்படம்.

அதிலும் எந்த அச்சு என்று பார்க்காமல் விவாதத்தைத் தொடங்குவது வீண். ரவி வர்மா 1894இல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். அது பிறகு லோனாவலா பக்கத்து மளவலிக்குப் போய், ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்கு மாறியது. ஓவியர் 1906இல் காலமான பிறகும் படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன. ஆகவே கீழே அவர் பெயர் இருப்பதால் மட்டும் படத்துக்கு நூறு வயது என்று ஆகிவிடாது.

ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து லட்சுமியின் கன்னத்தைப் பாருங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்த படம் என்றால், புள்ளிகள் கையால் வைத்ததுபோல ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். பெரும்பாலும் மேலே வார்னிஷ் பளபளப்பும் தெரியும். அணிவகுத்து நின்று சின்னச் சின்னப் பூவாகச் சேரும் புள்ளிகள் என்றால் பிற்கால ஆஃப்செட் மறுபதிப்பு. அதில் கரையானும் பூஞ்சையும் ஏறியிருந்தால் எனக்குத் தயக்கமே இல்லை: கழித்துவிடலாம். ஈரமாக, பஞ்சுபோல் நிற்கும் பூஞ்சை பக்கத்துப் படங்களுக்கும் பரவும். தேக்குச் சட்டம் நன்றாக இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராதவர்கள் மரத்தடியில் வைக்கும்போது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு வைத்தால் ஆடுமாடுகளுக்கும் நடப்பவர்களுக்கும் நல்லது.

கல் அச்சு என்று தெரிந்தால்தான் உண்மையான போட்டி தொடங்குகிறது.

முதல் வழி, வீட்டிலேயே சரிசெய்வது. செலவு குறைவு, கேடு அதிகம். செல்லோ டேப் சில வருடங்களில் மஞ்சளாகிப் பசையைக் காகிதத்துக்குள் இறக்கிவிடும். ஃபெவிக்கால் காய்ந்தால் பிரிக்க முடியாது. ஈரத்துணியால் துடைத்தால் வார்னிஷ் வெளுத்துப்போகலாம். எல்லாவற்றிலும் மோசம் லேமினேஷன்: அதற்குப் பிறகு எந்த நிபுணராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. "டச்சப்" செய்துதரும் ஓவியரிடம் கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். அவர் திறமைசாலியாகவே இருப்பார். ஆனால் திரும்பி வரும் முகம் அவருடைய நாயகியின் முகமாக இருக்கும்.

இரண்டாவது வழி, காகிதப் பாதுகாப்பு நிபுணர். அவர் பின்பக்கத்துப் பழைய அட்டையை மெல்ல உரித்தெடுப்பார். கிழிசலுக்கு மரப்பட்டை நாரில் செய்த மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டுவார். அந்தப் பசையை நாளைக்கு வேண்டாம் என்றாலும் ஈரம் காட்டி எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் பெருமை. படம் அழிந்துபோன இடத்தில் முகத்தையோ கையையோ கற்பனையாக வரைய மாட்டார். கண்ணை உறுத்தாத நிறத்தில் நிரப்பிவிட்டு நிறுத்திக்கொள்வார். இதில் இடிப்பது கூலி. தாமரைமேல் நிற்கும் லட்சுமியும் வீணையோடு அமர்ந்த சரஸ்வதியும் ஏராளமாக அச்சானவை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலோ வேறெங்கோ தேடினால் நல்ல பிரதியே கிடைக்க வாய்ப்புண்டு. விற்பதற்காகப் பழுது பார்ப்பவருக்குப் பெரும்பாலும் கைக்காசுதான் கரையும்.

ஆனால் ஒரு வகைப் படத்துக்கு இந்தக் கணக்கைப் பார்க்கவே கூடாது. அந்தக் காலத்தில் அச்சுப்படத்தின்மேல் சேலைக்குத் துணி வெட்டி ஒட்டி, ஜரிகை வைத்து, சமிக்கியும் மணியும் பதித்து அலங்கரிப்பார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இது நிறைய உண்டு. அச்சு ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அந்த ஜரிகைக்கரை உங்கள் வீட்டு ஆச்சி ஒருத்தி கையால் வைத்தது, உலகத்தில் ஒன்றே ஒன்று. பாதி சமிக்கி உதிர்ந்திருந்தாலும், கண்ணாடிக்கடியில் விழுந்து கிடப்பவற்றைப் பொறுக்கி ஒரு உறையில் போட்டு, படத்தோடு நிபுணரிடம் கொடுங்கள். அழுக்கில்லாத, ஆனால் ஓரம் வெட்டப்பட்ட வெறும் லட்சுமியைவிட இப்படி ஜரிகை வைத்த, பொத்தல் விழுந்த சரஸ்வதிக்கே என் ஓட்டு.

மீதிப் படங்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி: சீர் செய்யாமல், சேதத்தை மட்டும் நிறுத்துவது. படத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் மரப்பலகை அடித்திருக்கும். முன்பக்கம் லட்சுமியின் புடவைக்குக் குறுக்கே பழுப்பாக ஓடும் கோடு, பெரும்பாலும் அந்தப் பலகைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கின் அச்சுதான். பலகையின் அமிலம் காகிதத்தில் ஏறியிருக்கிறது. பலகையை எடுத்துவிட்டு அமிலமில்லாத அட்டை வைத்தாலே பாதி வேலை முடிந்தது. கண்ணாடி படத்தைத் தொடாதபடி ஓரத்தில் ஒரு மவுண்ட், அதாவது நடுவே இடைவெளி விடும் அட்டை விளிம்பு, வேண்டும். தொட்டால் மழைக்காலத்து ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்கவே இழுக்காதீர்கள். மை கண்ணாடியோடு போய்விடும். அதைக் கண்ணாடியோடு அப்படியே நிபுணரிடம் எடுத்துப்போக வேண்டியதுதான்.

பிரேம் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டிய ஒன்று உண்டு: ஓரத்தை வெட்டாதீர்கள். புதுச் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கீழ்விளிம்பை நறுக்குவது அவர்களுக்குக் கைவந்த பழக்கம். அச்சகத்தின் பெயரும் ஊரும் இருப்பது அந்த விளிம்பில்தான். படத்தின் வயதைச் சொல்லும் சாட்சியும் அதுவே.

மாட்டும் இடம் வெயில் படாத உள்சுவராக இருக்கட்டும். விளக்குப் புகை படும் பூஜை அறை வேண்டாம். சந்தனம் குங்குமம் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், கண்ணாடியின் நடுவில் கெட்டியாக வையுங்கள். சட்டத்தின் ஓரத்தில் வைத்தால் ஈரம் உள்ளே இறங்கும். கும்பிடுவதற்கு நல்ல பிரதி ஒன்றை ஸ்கேன் எடுத்து அச்சடித்து பூஜை அறையில் மாட்டிக்கொண்டு, பழையதைக் கூடத்தில் வைப்பதும் பல வீடுகளில் இரண்டு கட்சிக்கும் ஒத்துவருகிறது. ஸ்கேன் செய்பவர் தானாக உருட்டி இழுக்கும் இயந்திரத்தில் மட்டும் விடவேண்டாம். வெடித்த வார்னிஷ் உதிர்ந்துவிடும். மேலிருந்து கேமராவில் எடுத்தாலே போதும்.