டைல்ஸில் ஆல்கஹால் மை: காசை மையில் போடுவதா, மேல்பூச்சில் போடுவதா?

வீட்டிலேயே வெள்ளை டைல்ஸ் மேல் ஆல்கஹால் மை விட்டு கோஸ்டரோ சுவர் அலங்காரமோ செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த மை வாங்கலாம் என்பதைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மாடியில் இரண்டு வருடமாக இதைச் செய்துகொண்டிருக்கிற அனுபவத்தில் சொல்கிறேன், அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. செய்த டைல்ஸ் எங்கே இருக்கப் போகிறது, சுவரிலா, காபி டம்ளருக்குக் கீழேயா என்பது முதலாவது. அதன் மேலே என்ன பூசப் போகிறீர்கள் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மை வாங்குவது தானாக முடிவாகிவிடும், பாதிப் பணமும் மிஞ்சும்.

சாயத்தை ஆல்கஹாலில் கரைத்தால் அதுதான் ஆல்கஹால் மை. ஈரம் உறிஞ்சாத வழுவழுப்பான பரப்பில் ஒரு சொட்டு விட்டால் படர்கிறது, ஓரத்தில் ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகிறது, சாயமும் அந்த ஓரத்துக்கே போய்ச் சேர்கிறது. அதனால்தான் நடுவில் வெளிறியும் விளிம்பில் கோடு போட்டது போல அடர்த்தியாகவும் நிற்கிறது, மேஜையில் காபி சிந்திக் காய்ந்த வளையம் மாதிரி. காய்ந்த பிறகும் மேலே ஒரு சொட்டு ஆல்கஹால் பட்டால் மறுபடி கரைந்து ஓடும். பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு அதே டைல்ஸில் திரும்ப ஆரம்பிக்கலாம் என்பது இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆனால் அதே காரணத்தால், மேல்பூச்சு இல்லாத டைல்ஸை சானிடைசர் போட்ட கையால் தொட்டால்கூட வேலை போச்சு.

புதுச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடத்தில் செய்கிற மார்பிளிங் காகிதம் பார்த்திருப்பீர்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. அங்கே நிறத்தைத் தண்ணீர் மேல் மிதக்கவிட்டு, அதன் மேல் காகிதத்தைப் படுக்க வைத்து எடுக்கிறார்கள், நிறம் நாருக்குள் இறங்கிவிடுகிறது. டைல்ஸில் அந்த வசதி கிடையாது. டைல்ஸின் பளபளப்பான மேற்பரப்பான கிளேஸ் என்பது கண்ணாடி, மை அதன் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

டைல்ஸ் பற்றிப் பேச அதிகம் இல்லை. பளபளப்பான வெள்ளை வால் டைல்ஸ் வேண்டும், மேட் வேண்டாம். மேட்டில் மை ஓடாது, அங்கங்கே திட்டாகப் பிடித்துக்கொள்ளும், துடைத்தாலும் முழுதாகப் போகாது. நான்கு அங்குல டைல்ஸைத் தேடி ஆன்லைனில் வாங்குவதைவிட, டைல்ஸ் கடையில் போய், "அண்ணே, ஓரம் உடைஞ்ச வெள்ளை டைல்ஸ் இருக்கா?" என்று கேளுங்கள். "பின்னாடி கிடக்கு பாருமா, எடுத்துக்கோ" என்பார்கள். 300க்கு 450 மில்லிமீட்டர் அளவில் ஒன்று முழுசாகக் கிடைத்தால், வெட்டித் தரச் சொன்னால் நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பன்னிரண்டு சதுரம் வரும். வெட்டின ஓரம் கத்தி மாதிரி இருக்கும், ஈரப்படுத்தி எமரி கல்லில் தேய்த்துவிட வேண்டும். கை ரேகை எண்ணெய் இருக்கிற இடத்தில் மை விலகி ஓடும் என்பதால், தொடங்கும் முன் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு துடை.

இனி மை. கடையில் வாங்குவதில் நான் பயன்படுத்தியது ரேஞ்சர் கம்பெனியின் டிம் ஹோல்ட்ஸ் வரிசையும், ஜாக்கார்டின் பினாட்டாவும். இரண்டும் சுமார் 15 மில்லி பாட்டில். டிம் ஹோல்ட்ஸ் மென்மையாக, புகை மாதிரி விரிகிறது. வெளிர் நிறங்களும் மண் நிறங்களும் நிறைய. பினாட்டா அடர்த்தி அதிகம், காய்ந்த பிறகு ஒரு மினுக்கு இருக்கும், அதே பாட்டிலை நீர்த்துப் பயன்படுத்தினால் நீண்ட நாள் வரும். எனக்குக் கை பினாட்டாவுக்குத்தான் போகிறது. இங்கே வெயில் வெளிச்சம் அதிகம், வெளிர் நிறம் சுவரில் எடுபடுவதில்லை. தங்க நிறம், வெள்ளி நிறம் எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அதில் இருப்பது சாயம் இல்லை, மினுக்கும் துகள். அடியில் படிந்துவிடும், நன்றாகக் குலுக்கி இரண்டே சொட்டு விட்டால் போதும்.

இதற்குப் போட்டி, வீட்டில் தயாரிக்கும் மை. ஸ்டேஷனரி கடையில் பெர்மனென்ட் மார்க்கருக்கு ஊற்றுகிற ரீஃபில் மை விற்பார்கள், கறுப்பு, நீலம், சிவப்பு, பச்சை. அதை ஆல்கஹாலில் நீர்த்தால் ஆல்கஹால் மைதான். ஒயிட்போர்டு மார்க்கர் மை வாங்கிவிடாதீர்கள், அழிப்பதற்கென்றே செய்தது, டைல்ஸில் ஒட்டவே ஒட்டாது. கேக்குக்குப் போடும் கலரும் உதவாது, அது தண்ணீருக்கானது. மார்க்கர் மையில் நான் செய்த நீலமும் கறுப்பும், சொல்லாவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கறுப்பை நிறைய நீர்த்தால் ஓரத்தில் ஊதா பிரிந்து வருவது, காசு கொடுத்து வாங்கின மையில்கூட எனக்குக் கிடைக்காத அழகு. குறை என்னவென்றால் நான்கு நிறத்துக்கு மேல் போக முடியாது, சிவப்பும் பச்சையும் கலந்தால் சேறு.

வெயிலில் எது தாங்குகிறது என்று பார்க்க, ஒரு டைல்ஸின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, மேற்கு ஜன்னலில் சித்திரை வைகாசி இரண்டு மாதம் வைத்தேன். மார்க்கர் சிவப்பு பழைய கோலப்பொடி நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் வாங்கின மையின் இளஞ்சிவப்பும் அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லாமல் வெளுத்திருந்தது, இதுதான் எனக்கு ஆச்சரியம். இரண்டிலும் நீலம் ஓரளவு நின்றது. சாயம் என்றாலே வெயிலுக்கு வெளுக்கும், கம்பெனிப் பெயர் அதைத் தடுக்காது. அதனால் என் முடிவு: நீலம், கறுப்பு வீட்டில் தயாரிப்பது, மஞ்சள், மெஜந்தா, தங்கம் மூன்று மட்டும் வாங்குவது. பதினெட்டு நிற டப்பாவுக்கு ஆசைப்படாதீர்கள்.

மையை நீர்க்கப் பயன்படும் ஆல்கஹாலில் மூன்று வழி உண்டு. மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட், சானிடைசர், அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சுருக்கமாக ஐபிஏ. சானிடைசரில் கிளிசரின் இருக்கும், பிசுபிசுப்பு போகாது, வேண்டாம். சர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் தோலுக்காக விளக்கெண்ணெய் சேர்த்திருப்பார்கள், காய்ந்ததும் எண்ணெய்ப் படலம் நிற்கும், மேல்பூச்சு அந்த இடத்தில் பிடிக்காது. கெமிக்கல் கடையிலும், எலக்ட்ரானிக்ஸ் போர்டு துடைக்க விற்கும் இடத்திலும் கிடைக்கும் 99 சதவீத ஐபிஏதான் சரி. ஒன்று, அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம்ம கடற்கரைக் காற்றில் மூடி திறந்தே கிடந்தால் சீக்கிரம் தண்ணீர் சேரும். பெரிய பாட்டிலை மூடியே வைத்து, சின்ன பாட்டிலில் ஊற்றிப் பயன்படுத்துங்கள்.

மையை ஓட வைக்க ஹேர் டிரையர், ஹீட் கன், உறிஞ்சு குழல் என்று பல வழி. குளிர்ந்த காற்று வைத்த ஹேர் டிரையர் போதும், ஹீட் கன் வேகம் அதிகம், சொட்டு சிதறிவிடும். வீடியோக்களில் டைல்ஸ் மேல் தீ வைத்துக் காட்டுகிறார்கள் பாருங்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். ஐபிஏ ஆவி நம் ஊர் சாதாரண வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும், காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து பக்கத்து அறைக்குப் போகும். சமையலறையிலும், பூஜை அறையில் காமாட்சி விளக்கு எரியும்போது அதற்குப் பக்கத்திலும் இந்த வேலை கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து, சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, மாடியிலோ தாழ்வாரத்திலோ உட்காருங்கள்.

சரி, மேல்பூச்சுக்கு வருவோம். என் பணமும் நேரமும் வீணானது முழுக்க இங்கேதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் வழி அக்ரிலிக் ஸ்ப்ரே வார்னிஷ். ஒரு அடி தூரத்திலிருந்து பனி படிவது போல மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று, இப்படி மூன்று நான்கு. அவசரப்பட்டுக் கனமாக அடித்தால் ஸ்ப்ரேயில் இருக்கிற கரைப்பான் மையை இழுத்துக்கொண்டு ஓடும். பிரஷ்ஷால் தடவுகிற வார்னிஷை எடுக்கவே எடுக்காதீர்கள், முதல் தடவலிலேயே மை பிரஷ்ஷோடு வந்துவிடும். ஆட்டோமொபைல் பெயிண்ட் கடையில் கிடைக்கும் கிளியர் லாக்கர் ஸ்ப்ரே விலை குறைவு, அதன் கரைப்பான் இன்னும் காரம். உடைந்த துண்டில் சோதிக்காமல் நல்ல டைல்ஸில் அடிக்கக் கூடாது. சுவருக்கு ஸ்ப்ரே தாராளமாகப் போதும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். வெளுப்பதை முழுசாக நிறுத்தாது, தள்ளிப்போடும். ஐப்பசி கார்த்திகையில், மழை கட்டி நிற்கிற நாளில் அடித்தால் பால் ஊற்றினது போல வெண்மை பூக்கும், காற்றில் இருக்கிற ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொள்வதால் வருவது அது. காலை பதினோரு மணிக்கு மேல், காய்ந்த நாளில் அடியுங்கள்.

இரண்டாவது எபாக்சி ரெசின், இரண்டு திரவத்தைக் கலந்து ஊற்றினால் கண்ணாடி போல இறுகுவது. பார்வைக்கு இதற்கு இணை இல்லை, மை கண்ணாடிக்கு அடியில் தண்ணீரில் கிடப்பது போல ஆழம் கிடைக்கும். ரெசினையும் ஹார்டனரையும் பாட்டிலில் போட்டிருக்கிற விகிதப்படி, சிலது சமபாகம், சிலது இரண்டுக்கு ஒன்று, கண்ணளவு இல்லாமல் அளந்து கலக்க வேண்டும். அளவு தவறினால் என்றைக்கும் பிசின்தான். மை மேல் நேராக ஊற்றினால் நிறம் கொஞ்சம் கசியும், அதனால் முதலில் இரண்டு பூச்சு ஸ்ப்ரே, அப்புறம் ரெசின். ஊற்றிவிட்டு ஒரு பெரிய பேசினைக் கவிழ்த்து ஒரு நாள் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் தூசும் கொசுவும் உள்ளே நிரந்தரமாகத் தங்கிவிடும். தொடும் அளவு இறுக ஒரு நாள், முழுசாக இறுக மூன்று நாளாவது ஆகும். ஈரக் காற்றில் இதற்கும் தொல்லை, மேலே எண்ணெய் தடவினது போல ஒரு படலம் வரும். வாங்கும் முன் யோசிக்க வேண்டிய இன்னொன்று, எபாக்சியே வெயிலில் மஞ்சளாகும்.

எங்கள் வீட்டில் ஆறு கோஸ்டர் ரெசினில் செய்து, பெருமையாக டீப்பாயில் வைத்தேன். அத்தை சாயந்திரம் ஃபில்டர் காபியை டபராவோடு அதில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கப் போனால் கோஸ்டரும் சேர்ந்து மேலே வந்தது. பிரித்தால் டபரா அடி வளையம் அப்படியே பதிந்திருந்தது. "இது காபிக்கு இல்லையாடீ?" என்று கேட்டார், எனக்குப் பதில் இல்லை. சாதாரண ஆர்ட் ரெசின் சுமார் 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஜூஸ் டம்ளருக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் நாம் காபி குடிக்கிற சூட்டில், அதுவும் எவர்சில்வர் டபராவில், அது நிற்காது. அதிக வெப்பம் தாங்கும் ரெசின் என்று தனியாக விற்கிறார்கள், கோஸ்டர் செய்வதாக இருந்தால் டப்பாவில் எத்தனை டிகிரி என்று எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள், எழுதவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவதாக நான் முயன்றது தச்சர்கள் மரத்துக்கு அடிக்கிற இரண்டு பாகப் பியூ (பாலியூரிதேன்) பாலிஷ். தெரிந்த தச்சர் ஒருவர் தன் ஸ்ப்ரே கன்னில், முகமூடி போட்டு, அடித்துக் கொடுத்தார். சூட்டுக்கு ஆர்ட் ரெசினைவிட நன்றாக நிற்கிறது, அதே டபராவை வைத்துப் பார்த்தேன், தடம் இல்லை. ஆனால் ரெசினின் ஆழம் கிடைக்காது, முதல் பூச்சைத் தூசு போல அடிக்காவிட்டால் அதன் தின்னரிலும் மை ஓடுகிறது. இந்தப் புகை நுரையீரலுக்குக் கெட்டது, அதை வீட்டில் நாமே அடிக்கவே கூடாது, தெரிந்தவர் பட்டறையில் கொடுத்துச் செய்யுங்கள். எந்த மேல்பூச்சாக இருந்தாலும் அதன் மேல் நேராக உணவு வைக்க வேண்டாம், பஜ்ஜி தட்டாகப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அப்படியானால் காலத்துக்கும் நிற்கிற டைல்ஸ் வேண்டும் என்பவர்கள் என்ன செய்வது? சூளைதான். புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரிக்குப் பிறகு, அந்த ஊரிலும் ஆரோவில்லிலும் பீங்கான் செய்கிறவர்கள் நிறையப் பேர் உருவாகிவிட்டார்கள். அவர்கள் சுடுகிற ஸ்டோன்வேர் என்கிற கெட்டிப் பீங்கான் 1200 டிகிரிக்கு மேல் போவது, நிறம் கிளேஸோடு உருகி ஒன்றாகிவிடுகிறது, காபியும் வெயிலும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த நிறங்கள் உலோக ஆக்சைடுகள். ஆல்கஹால் மையைச் சூளையில் வைத்தால் சாயம் எரிந்து வெள்ளை டைல்ஸ்தான் திரும்பி வரும். அதனால் இது மைக்கு மாற்று இல்லை, வேறு வேலை, வேறு செலவு.

எங்கள் வீட்டில் இப்போது இப்படித்தான்: கூடத்துச் சுவரில், வெயில் நேராக விழாத பக்கம், ஒன்பது டைல்ஸ், மார்க்கர் நீலமும் வாங்கின தங்கமும், மேலே ஸ்ப்ரே மட்டும், ஒரு வருடம் ஆகிறது, அப்படியே இருக்கிறது. டீப்பாயில் நான்கு கோஸ்டர் பியூ அடித்தது, அடியில் ஃபெல்ட் ஒட்டியிருக்கிறேன். ரெசின் போட்ட பழைய ஆறில் தடம் விழாத ஐந்தை விருந்தாளிகளுக்கு நன்னாரி சர்பத் கொடுக்கும்போது எடுக்கிறேன். தடம் விழுந்ததை அத்தை துளசி மாடத்துப் பக்கம் செம்பு வைக்க எடுத்துக்கொண்டார்.