கிறிஸ்துமஸ் மரம்: பல ஆண்டுகள் வளர்த்தால் தெரிய வருபவை

நர்சரியில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று கேட்டால் பெரும்பாலும் தருவது அரக்கேரியா. இது பைன் அல்ல. பைனில் ஊசியிலைகள் இரண்டு, மூன்று, ஐந்து எனக் கட்டாக வரும்; இதில் ஒவ்வோர் இலையும் தனித்தனியாகத் தண்டைச் சுற்றி இருக்கும்.

அரக்கேரியாவில் நார்ஃபோக் தீவு வகை என்று சொல்லி விற்கும் கன்று பல சமயம் அதன் இன்னொரு இனமான குக் வகையாக இருக்கும். சிறு கன்றில் பிரித்தறிவது கடினம். வளர்ந்தபின் நார்ஃபோக் அகலமான கூம்பாக நிற்கும். குக் ஒடுங்கிய தூணாக உயரும், பட்டை தாள்போல் உரியும், மரமே சற்றுச் சாய்ந்திருக்கும். 5 கண்டங்களில் 256 குக் மரங்களை அளந்து 2017இல் வெளியான ஆய்வு, அவை நிலநடுக்கோட்டை நோக்கிச் சராசரியாக 8.5 டிகிரி சாய்வதைக் காட்டியது. நம் ஊரில் அது தெற்குப் பக்கம். சாய்வோடு அடிமரமும் ஆடினால் மட்டும் வேரைப் பாருங்கள். தொட்டிக்குள் சுருண்ட வேரோடு நட்ட கன்றுகளுக்கு அப்படி ஆகும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது உச்சிக் கொழுந்து. அது ஒடிந்தால் கிளைகளின் பழைய சீரான அடுக்கு திரும்பக் கிடைப்பது அரிது. பக்கக்கிளையை வெட்டி வேர் பிடிக்க வைத்தாலும் அது படுத்தவாக்கில்தான் வளரும். நிமிர்ந்த மரம் வேண்டுமென்றால் விதைக்கன்றுதான். உயரத்தைக் குறைக்க உச்சியை வெட்டுவது இந்த மரத்துக்குச் செய்யும் பெரிய கெடுதல்.

தொட்டிக்குச் செம்மண், மணல், மட்கிய தொழு உரம் சம அளவு போதும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்தபின் தண்ணீர் விடுங்கள். தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகும்.

வரவேற்பறை மூலையில் வைத்த செடிதான் அதிகம் வீணாகிறது. வெளிச்சம் போதாமல் அடுக்குகளுக்கு இடையே இடைவெளி கூடும், கிளைகள் தொங்கும், கீழ்க்கிளைகள் பழுத்து உதிரும். நார்ஃபோக்கில் உதிர்ந்த இடம் மொட்டையாகவே நின்றுவிடும். ஏசி அறையின் வறண்ட காற்றில் சிலந்திப்பேனும் வரும். இலை மங்கி மெல்லிய வலை தெரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம். நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் உச்சிவெயிலுக்கு மாற்றினால் கருகும். இரண்டு வாரம் காலை வெயில் காட்டிப் பழக்குங்கள்.

தரையில் நடுவதானால் வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, மேலே மின்கம்பி இல்லாத இடமாக வேண்டும். சொந்த மண்ணில் இது 50 மீட்டரைத் தாண்டும் மரம். உப்புக்காற்றைத் தாங்குவதால் கடலோர வீடுகளுக்கு நல்ல தேர்வு.