வானத்தில் ஐந்து நட்சத்திரம், தரையில் ஒன்று

கட்டடங்களில் தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. மணி அடித்தால் காரணம் தேடாமல் முதலில் அதன் வாயை அடைப்பவர்களையே தினமும் பார்க்கிறேன். அதனால்தான் போன வார விமானப் பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். இருக்கை, சாப்பாடு எல்லாம் சுமார்.

புறப்பட்டு நாற்பது நிமிடம் இருக்கும். பணிப்பெண் ஒருவர் நடைபாதையில் மண்டியிட்டு, தரைவிரிப்பில் புறங்கையை வைத்து வைத்து நகர்ந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூடிய கதவுக்கு அப்பால் தீ இருக்கிறதா என்று நாங்களும் அப்படித்தான் தொட்டுப் பார்ப்போம்.

விமானியின் குரல் வந்தது: "கீழே சரக்கு அறையில் புகை என்று கருவி சொல்கிறது. பொய்யாகவும் இருக்கலாம். இங்கிருந்து போய்ப் பார்க்க வழியில்லை. உண்மை என்றே வைத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் இறங்குகிறோம்." அவ்வளவுதான். மழுப்பல் இல்லை.

அந்தக் கருவிக்குள் ஓர் ஒளிக்கற்றை இருக்கும். புகை புகுந்தால் ஒளி சிதறும், மணி அடிக்கும். ஈரப்பனி புகுந்தாலும் அதே கதைதான். பாவம், அதற்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே சந்தேகத்தின் பலனைத் தீக்குத்தான் கொடுக்க வேண்டும். 1980இல் ரியாதிலிருந்து கிளம்பிய விமானத்தில் இதே எச்சரிக்கை ஒலித்தபோது, அது மெய்யா என்று உறுதிசெய்வதிலேயே பல நிமிடங்கள் கழிந்தன. அது மெய். திரும்பி வந்து தரையிறங்கியும், 301 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

எங்களைக் கைப்பையைக்கூட எடுக்க விடாமல் இறக்கினார்கள். கடைசி ஆள் இறங்கிய பிறகே சரக்குக் கதவைத் திறந்தார்கள்; உள்ளே கனல் இருந்தால் புதுக்காற்று பட்டுப் பற்றிக்கொள்ளும். தீயும் இல்லை, புகையும் இல்லை. ஈரம் சொட்டும் பூப்பெட்டிகள்! விமானியே வந்து சொன்னார்.

நிறுவனத்தின் தரைப் பிரிவுக்குத்தான் அந்த ஒற்றை நட்சத்திரம். தீயை அணைக்கச் சரக்கு அறைக்குள் பீய்ச்சிக் காலியான ஹேலான் வாயுக் குடுவையை மாற்ற நேரமாகும், எனக்குத் தெரியும். அதற்காக ஒன்பது மணி நேரம் கண்ணில் ஓர் அதிகாரியும் படவில்லை. கைப்பேசிக்கு மட்டும் "தொழில்நுட்பக் காரணங்களால் தாமதம்" என்று ஆறு முறை செய்தி. பூப்பெட்டி என்று எழுதினால் குறைந்தா போவார்கள்?

இவர்களிடம் மறுபடி டிக்கெட் எடுப்பேன். கூடவே ஒரு போர்வையும் கொண்டுபோவேன்.