பழைய மச்சுத் தரையில் லேமினேட் போடப் போறீங்களா? என் 42,000 ரூபாய் போன கதையைப் படிச்சுட்டுப் போடுங்க

கை நடுங்குது, இருந்தாலும் இன்னைக்கே எழுதிடறேன்.

செங்கோட்டையில எங்க தாத்தா கட்டின வீடு. 1956-ல இந்த ஊர் தமிழ்நாட்டோட சேர்றதுக்கு முன்னாடி, திருவிதாங்கூர் காலத்து வீடு. மச்சு முழுக்கப் பலகைத் தரை. பலகை ஆடும், ஆணிக் கொண்டை அம்மா சேலையில மாட்டும். மேல லேமினேட், அதான் மரம் மாதிரித் தெரியுற ரெடிமேட் பலகை, போட்டுடலாம்னு, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஒரு ஆப்புல புக் பண்ணினேன்.

பார்க்க வந்த ஆள் மண்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பலகையா விரல் முட்டியால தட்டிப் பார்த்தார். "அக்கா, நல்ல மரம். ஆணியெல்லாம் உள்ள இறக்கி, ஆடுற பலகையை உத்தரத்தோட ஸ்க்ரூ போட்டு முடுக்கி, மேடு பள்ளத்தை இழைச்சு மட்டம் பண்ணிட்டுத்தான் போடுவோம்"னார். அந்தத் தட்டல்லதான் நான் நம்பிட்டேன். அம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாங்க.

300 சதுர அடி. லேமினேட்டுக்கு 33,000, தரையைச் சரி பண்ண 9,000. மொத்தம் 42,000, முழுசும் முன்பணம். வேலை நடந்த அன்னைக்கு நான் தென்காசியில ஆபீஸ்ல. ஒரே நாள்ல முடிச்சுட்டுப் போயிட்டாங்க.

ஜூன் மாசம். ஆரியங்காவு கணவாய்க் காத்தும் சாரலும் ஆரம்பிச்சு மூணே வாரம், அறை நடுவுல தரை கூம்பி எழும்பிருச்சு. கால் வச்சா பொதுக்னு இறங்குது.

போன் பண்ணினா, "மரம்னா அப்படித்தான் மேடம், செட் ஆயிடும்." அடுத்த தடவை, "வேலை செஞ்சது எங்க பார்ட்னர், அவங்கள்ட்ட பேசுங்க." பார்ட்னர் எடுக்கவே இல்லை. கடைசியா, "அடித்தரை வாரண்டியில வராது." அடித்தரையைச் சரி பண்ணத்தானே 9,000 வாங்குனீங்க! அன்னைக்கு ராத்திரியே என் புகார் 'தீர்க்கப்பட்டது'ன்னு மெசேஜ்.

நேத்து எங்க ஆசாரி ஓரத்து பீடிங் பட்டையைப் பிரிச்சு நாலு லேமினேட் பலகையைத் தூக்கினார். சுவரோட ஒட்டி இறுக்கிப் போட்டிருக்காங்க, ஈரத்துல லேமினேட் விரிய இடமே இல்லை. ஒரு ஸ்க்ரூகூடப் போடலை. லேமினேட்டுக்கு அடியில விரிச்ச ஃபோம் ஷீட்ல வரிசையா துருப் புள்ளி, ஒவ்வொரு ஆணிக் கொண்டைக்கும் ஒண்ணு. அதுக்கடியில பாலிதீன் வேற. சிமெண்ட் தரைக்குப் போடுறதை மரத்துக்கு மேல போட்டு ஈரத்தைப் பூட்டி வச்சிருக்காங்க. தாத்தா பலகையில கறுப்பா பூஞ்சணம். அதைத் தொட்டுப் பார்த்துட்டு அம்மா ஒண்ணுமே பேசலை. 42,000 ரூபாய்!

விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், முடியலை. இதை மட்டும் கவனிங்க. கரையான், ஈரம் இருக்கான்னு முதல்ல பாருங்க. ரெண்டு மீட்டர் நேரான கட்டையைத் தரை மேல வச்சுப் பாருங்க, அடியில 3 மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி தெரிஞ்சா மட்டம் பண்ணாம விடாதீங்க. லேமினேட் பெட்டியை அதே அறையில 48 மணி நேரம் வச்சிருக்கச் சொல்லுங்க. சுத்திச் சுவரோரம் 8-10 மில்லிமீட்டர் இடம் விடணும். பழைய பலகை ஓடுற திசைக்குக் குறுக்கத்தான் புதுசு ஓடணும். சாரல் காலத்துல இந்த வேலையே வேண்டாம். ஆணி இறக்கினதைக் கண்ணால பார்க்காம பணம் கொடுக்காதீங்க.

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சுட்டேன். ஆசாரி மிச்சத்தைப் பிரிக்க வந்துட்டார், மேல போறேன்.