சாஸை ருசிகூடப் பார்க்காத ஆலோசகரிடம் ஏமாந்த கதை

வீட்டுச் சமையலறையில் தொடங்கிய உணவுத் தொழிலைப் பெரிதாக்க நினைக்கிறீர்களா? "மெஷின், பாட்டில், லேபிள், சான்றிதழ் எல்லாம் ஒரே பேக்கேஜ், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்" என்று யாராவது சொன்னால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நான் தக்காளிச் சாஸ் செய்து விற்கிறவள். நான்கு வருடமாக வீட்டு அடுப்பில்தான், ஓர் ஈட்டுக்கு ஐந்து லிட்டர். கண்ணாடி பாட்டில், கையால் ஒட்டுகிற லேபிள். தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், அப்புறம் மூன்று கடைகள். கேட்கிற அளவுக்குச் செய்து கொடுக்க முடியவில்லை என்ற நிலை வந்தபோது ஒரு விளம்பரத்தைப் பார்த்து நானே கூப்பிட்டேன். சிறு உணவுத் தொழில்களை வளர்த்துவிடுவதுதான் அந்த நிறுவனத்தின் வேலையாம். பெயரை இங்கே போடவில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை என்பது ஒரு காரணம். இதே பேச்சைப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது இன்னொன்று.

முதல் சந்திப்பில் ஒரு கிண்ணத்தில் சாஸ் வைத்தேன். "அப்புறம் பார்க்கலாம் மேடம்" என்று அந்த நிறுவனத்தின் ஆலோசகர் அதை நகர்த்திவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். கடைசி வரை அவர் அதைத் தொடவேயில்லை. மனிதர் பிஸி போல என்று நினைத்துக்கொண்டேன்.

லேப்டாப்பில் அழகான படங்கள். 200 லிட்டர் நீராவிக் கெட்டில், பழச்சதை பிழிகிற பல்ப்பர், பாட்டில் நிரப்பும் மெஷின். ஒரு நாளைக்கு இத்தனை பாட்டில், மாதத்துக்கு இத்தனை, முதலீடு பதினான்கு மாதத்தில் திரும்பிவிடும் என்று ஓர் அட்டவணை. அந்த அட்டவணையில் செய்கிற பாட்டில் எல்லாம் அன்றைக்கே விற்றுவிடுகிறது. யாரிடம் விற்பது என்ற வரியே இல்லை. நான் அப்போது விற்றுக்கொண்டிருந்ததைப் போல பன்னிரண்டு மடங்கு அது. கேட்டேன். "உற்பத்தி வந்தால் மார்க்கெட் தானாக வரும் மேடம்" என்றார். மொத்தத் தொகையில் 60 சதவீதம் முன்பணமாகக் கொடுத்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

மெஷினை ஓட்டிக் காட்டும் நாளில் கெட்டிலில் தண்ணீரை ஊற்றினார்கள். இருபது நிமிடத்தில் கொதித்தது, எல்லோரும் கை தட்டினோம். தண்ணீர் சூடானதும் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், தானாகவே கலந்துகொள்ளும். கெட்டியான சாஸ் அப்படிக் கலக்காது. சுவரோடு ஒட்டியிருப்பது கருகும்போது நடுவில் இருப்பது வெதுவெதுப்பாகவே இருக்கும். தவிர, ஐந்து லிட்டரிலிருந்து 200 லிட்டருக்குப் போனால் கொள்ளளவு 40 மடங்கு கூடுகிறது. அதே வடிவப் பாத்திரம் என்றால் சூடு ஏறுகிற சுவரின் பரப்பு சுமார் 12 மடங்குதான் கூடும். அதனால் கொதிக்கவும் நேரம், ஆறவும் நேரம். என் அடுப்பில் முக்கால் மணியில் முடிகிற ஈடு அங்கே நான்கு மணி நேரம் இழுத்தது. சிவப்பாக இருக்க வேண்டியது செங்கல் நிறத்தில் வந்தது. நீங்கள் மெஷின் வாங்குவதாக இருந்தால் உங்கள் பொருளைக் குடத்தில் எடுத்துக்கொண்டு போய் அதைப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

நீராவிக் கெட்டிலுக்கு நீராவி வேண்டும், அதற்கு பாய்லர் வேண்டும். கொட்டேஷனில் பாய்லர் இல்லை. கடைசிப் பக்கத்தில் "அடிப்படை இணைப்புகள் வாடிக்கையாளர் பொறுப்பு" என்று ஒரு வரி இருந்தது. பாய்லர், தண்ணீரைப் பதப்படுத்தும் கருவி, மூன்று ஃபேஸ் மின் இணைப்பு எல்லாமே அந்த ஒரு வரிக்குள் அடக்கம். என்னிடம் இருந்தது ஒற்றை ஃபேஸ்.

ஸ்டீல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 304 ரகம் என்று பில்லிலும் இருந்தது, கெட்டிலில் முத்திரையும் இருந்தது. 304-இல் காந்தம் ஒட்டாது என்பார்கள். நான் சாமர்த்தியமாகக் காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, சந்தோஷப்பட்டேன். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்று மாதத்தில் உள்சுவரில் குண்டூசி முனை அளவுக்குப் புள்ளிப் புள்ளியாகத் துரு. உப்பும் அமிலமும் சேர்ந்த சாஸுக்கு 304-கூட நாளடைவில் போதாமல் போகலாம், மாலிப்டினம் கலந்த 316 நல்லது என்று பிறகு ஒரு வெல்டர் சொன்னார். ஸ்டீல் எந்த ரகம் என்று காட்டும் சோதனைத் துளி மருந்தே விற்கிறார்களாம். காந்தத்தை நம்பாதீர்கள்.

இதுவரைக்கும் சொன்னது பணத்தோடு போகிற நஷ்டம். இனி சொல்லப் போவதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

பேக்கேஜில் பாட்டிலும் அடக்கம் என்று சொன்னேன் அல்லவா, வந்தது சாதாரண பெட் (PET) பிளாஸ்டிக், கடையில் தண்ணீர் விற்கிற பாட்டில் வகை. நான் வழக்கமாக 85 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போதே கண்ணாடியில் ஊற்றி, மூடி, இரண்டு மூன்று நிமிடம் கவிழ்த்து வைப்பேன். அந்தச் சூடுதான் பாட்டிலின் உட்புறத்தையும் மூடியையும் சுத்தப்படுத்துகிறது. பெட் பிளாஸ்டிக் 75 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும். முதல் பாட்டில் என் கண் முன்னே இடுப்பு சுருங்கி உட்கார்ந்துவிட்டது. போன் செய்தேன். "அப்போ 60 டிகிரியில ஊத்துங்க மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார். சூடாக நிரப்புவதற்கென்றே தனி வகை பிளாஸ்டிக் பாட்டில் உண்டு என்பது அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் மலிவானதைத் தள்ளிவிட்டாரா, எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அடுத்து வினிகர். செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டு, "வினிகரைப் பாதியா குறைச்சா ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு மிச்சம்" என்று எழுதியே அனுப்பினார். எனக்கும் மிச்சம் பிடித்திருந்தது, குறைத்தேன்.

தக்காளி புளிப்பான பழம்தானே, என்ன ஆகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். பிஎச் என்பது புளிப்பை அளக்கும் எண், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பழுத்த தக்காளியின் பிஎச் ஏறக்குறைய 4.3 முதல் 4.9 வரை, ரகத்தையும் பழுத்த பதத்தையும் பொறுத்து மாறும். உணவைப் பாட்டிலிலும் டப்பாவிலும் அடைப்பவர்களுக்கு 4.6 என்பதுதான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருந்தால் பொட்டுலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்கும் கிருமியால் வளர முடியாது. மேலே போனால் வளரலாம், காற்றுப் புகாத பாட்டில் அதற்கு வசதியான இடம். அப்படிப்பட்ட பொருளை வெறும் கொதியில் விட்டால் போதாது, அழுத்தத்தில் வைத்து 121 டிகிரி வரை கொண்டுபோக வேண்டும். ஏனென்றால் அந்தக் கிருமியின் வித்துகள் 100 டிகிரியைத் தாங்கும். வினிகர் என்பது ருசிக்கு மட்டும் போடுகிற சாமான் அல்ல, கோட்டுக்குக் கீழே நம்மை நிறுத்தி வைத்திருந்ததே அதுதான். பூண்டு சேர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், பூண்டில் புளிப்பே கிடையாது.

பாட்டில்கள் கடைக்குப் போன பதினெட்டாவது நாள், ஒரு கடைக்காரர் கூப்பிட்டார். "உங்க சாஸ் உப்பிப்போய் நிக்குதுங்க, மூடியத் திறந்தா புஸ்ஸுனு அடிக்குது." அன்றைக்கே கடைகளில் இருந்த எல்லாவற்றையும் திருப்பி எடுத்தேன். விற்றுப்போனதால் எடுக்க முடியாதவையும் இருந்தன. வாங்கினவர்களில் போன் எண் தெரிந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராக அழைத்தேன்.

ஆய்வகத்துக்கு இரண்டு பாட்டில் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியம்மா பிஎச் மீட்டரை 4, 7 என்ற இரண்டு கரைசலில் நனைத்துச் சரிபார்த்துவிட்டு என் சாஸில் வைத்தார். 4.7 காட்டியது. இன்னொரு தடவை வைத்தார், அதேதான். "ஏம்மா, இதையா வித்த?" என்று கேட்டார். திட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

உப்பலுக்குக் காரணம் ஈஸ்ட் என்று தெரிந்தது. 60 டிகிரியில் ஊற்றியதால் பாட்டிலிலும் மூடியிலும் இருந்தவை சாகவில்லை. "உப்பினது உன் அதிர்ஷ்டம்" என்றார் அந்தப் பெரியம்மா. பொட்டுலிசம் நச்சு இருக்கிற உணவு சில நேரம் நிறம், வாசனை எதிலும் ஒரு மாற்றமும் காட்டாதாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்கப் போன் அடித்தாலே கை நடுங்கியது.

அப்போதுதான் பேக்கேஜில் வந்த சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். "12 மாதம் கெடாது" என்று போட்டிருந்தது. மாதிரி கொடுத்த ஒன்பதாவது நாள் வந்த சான்றிதழ் அது. சீக்கிரம் முடிக்கிற சோதனை இருக்கிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் கெடுகிற வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று வைத்துக்கொண்டு சூடான அறையில் வைத்துப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கிலும் 25 டிகிரியில் 12 மாதம் என்பதை 45 டிகிரியில் பார்க்க மூன்று மாதம் ஆகும், ஒன்பது நாளில் நடக்காது. மேலே ஐஎஸ்ஓ சின்னம் வேறு. ஐஎஸ்ஓ அமைப்பு தரநிலைகளை எழுதுமே தவிர யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. ஆய்வகம் என்றால் 17025 என்ற தரநிலைப்படி அங்கீகாரம் இருக்கிறதா, நமக்கு வேண்டிய சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தாளில் இருந்த ஆய்வகத்துக்கு முகவரியே இல்லை.

லேபிளில் போட்ட பார்கோடும் இரவல். பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் இணையப் பக்கத்தில் எண்ணைத் தேடினால், கம்பெனியைக் குறிக்கும் முன்பகுதி வேறு ஏதோ கம்பெனி பெயரில் இருந்தது.

வக்கீலிடம் போனேன். ஒப்பந்தத்தில் அந்த நிறுவனம் விற்றது "ஆலோசனைச் சேவை" மட்டும். மெஷின் பில் ஒரு பெயரில், பாட்டில் பில் வேறொரு பெயரில், சான்றிதழுக்குப் பில்லே இல்லை. இரண்டு விற்பனையாளர்களிடமிருந்தும் அந்த ஆலோசகருக்குக் கமிஷன் போயிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. பல்ப்பரை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். என் கையில் மிஞ்சியது கொடுக்காமல் வைத்திருந்த கடைசி 15 சதவீதம்தான், அதையும் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. நம் இடத்தில், நம் பொருளை, நம் ஆட்கள் ஓட்டிச் சரியாக வந்த பிறகுதான் பெரிய தொகை என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். அந்த வினிகர் மெயிலை அழிக்காமல் வைத்திருந்ததுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம் என்கிறார் வக்கீல்.

இப்போது உணவுத் தொழில்நுட்பம் சொல்லித்தரும் ஒரு கல்லூரியின் பயிற்சிக் கூடத்தில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கெட்டில் எடுத்து 50 லிட்டர் ஈடு போடுகிறேன். அங்கே முதல் நாள் கேட்ட முதல் கேள்வியே "பிஎச் எவ்வளவு?" என்பதுதான். இரண்டாவதாக ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பார்த்தார்கள். இப்படி ஒரு வசதி இருப்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தால், கெட்டில் வாங்குவதற்கு முன்னாலேயே எனக்குக் கெட்டில் வேண்டுமா என்று தெரிந்திருக்கும். ஒவ்வோர் ஈட்டுக்கும் பிஎச் பார்த்து நோட்டில் எழுதுகிறேன், 4.2-க்கு மேல் போனால் பாட்டிலில் ஊற்றுவதில்லை. பாட்டில் மறுபடியும் கண்ணாடிதான்.

போன வாரம் அதே நிறுவனத்திலிருந்து வேறு யாரோ ஒரு பையன் கூப்பிட்டான். "உங்க பிசினஸைப் பெருசா பண்ற ஐடியா இருக்கா மேடம்?"

"என்ன பிசினஸ் தம்பி?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் தாள் புரட்டுகிற சத்தம். "ஃபுட்தானே மேடம்?" என்றான்.